ஆடித் தசமியும் பச்சைக் காரும்

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று காரை வாங்க ஒருவன் வந்தான். மகன் நிரூபன் அனுப்பிய ஆள். கராஜைத் திறந்து காட்டினேன். சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான், ரயரைக் காலால் உதைத்தான். இந்த ஆம்பிளைகள் எல்லோரும் ஏன் ரயரை உதைக்கிறார்களோ தெரியாது. உதைத்துவிட்டு, பழைய இரும்பு விலைக்கு எடுக்கலாம் என்றான். உங்கள் மகன் விற்பதாகச் சொன்னாரே என்றான். மகனிடமும் ஒரு கார் இருக்கிறது, அதைப் போய் உதைத்துப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் நிரூபனின் போன்.

"அம்மா, அந்தக் காரை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"ஓடப் போறன்."

"எங்கை?"

"பாலைவனத்துக்கு."

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் வந்த பிறகு நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பெயர் கொடுத்துவிட்டேன். இந்த நாட்டில் குளிர்காலமான ஆடி மாதத்தில் வருடா வருடம் நடக்கிற கார் ஓட்டம் இது. எங்கள் விக்ரோறியா மாநிலத்தின் வடக்கு மூலையில் தொடங்கி, எல்லை கடந்து, செம்மண் பாதைகளில் நாட்டின் நடுவயிறு வரை போகும். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை, போய்ச் சேர்ந்தால் போதும். சேரும் காசு, தூரத்துக் குடியிருப்புகளுக்கு விமானத்தில் போகும் வைத்தியர்களுக்கு. கார் கிழடாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுடையது 1979 ஆம் ஆண்டு ஸ்ரேஷன் வாகன், என் கண்ணுக்கு அவரைக்காய்ப் பச்சை. இவர், நிரூபனின் அப்பா, அதைக் கடல் பச்சை என்பார்.

"வாற வருஷம் போவம், மங்கை." பத்து வருடமாக இவர் சொன்னது இது. ஒரு வருடம் கியர்ப் பெட்டி சரியில்லை. ஒரு வருடம் நிரூபனின் கலியாணம். ஒரு வருடம் முதுகு. போன வருடம் ஜூலை 30 இல் தனியாகப் புறப்பட்டுப் போய்விட்டார். காரையும் கொண்டுபோகவில்லை, என்னையும் கொண்டுபோகவில்லை.

ஓட்டம் ஜூலை 12 இல் தொடங்கி 24 இல் முடிகிறது. முப்பதாம் தேதி இவரின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு முதலே வீட்டுக்கு வந்து குளித்து முழுகிச் சமையலுக்கு நின்றுவிடுவேன். ஒருவரும் வாய் திறக்க முடியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரேடியேற்றரைக் கழற்றினேன். பத்து வருடம் இவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்த கை இது. "பதினாலு தா, பன்னிரண்டு தா" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வரும், நான் எடுத்து நீட்டுவேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்பது எனக்கு மனப்பாடம். என்ன, பத்து வருடமும் நீட்டினேனே தவிர திருகவில்லை. இன்று திருகினேன். ஒரு நட்டு அசைய மறுத்தது. இவர் வழக்கமாகச் சொல்லும் கெட்ட வார்த்தையை நானும் சொன்னேன். கழன்றது.

மே 3, சனி

பின்னேரத் தேத்தண்ணீரைக் காருக்குள் இருந்து குடித்தேன். கராஜில் வேறு கதிரை இல்லை.

மே 4, ஞாயிறு

ரேடியேற்றர் குழாய்கள் மாற்றியாயிற்று. தேத்தண்ணீர் காருக்குள்.

மே 11, ஞாயிறு

ஒரு காருக்கு இரண்டு பேர் வேண்டுமாம். யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தவமலர் மச்சாள் வந்து நின்றார். இவரின் ஒரே தங்கை. கலியாணம் கட்டவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை விரதம், மிச்ச நாள் என்னில் குறை பிடிப்பது. நாற்பது வருடப் பழக்கம்.

"நான் வாறன்" என்றார்.

"உமக்குக் கார் ஓடத் தெரியாதே."

"வரைபடம் பாக்கத் தெரியும். அண்ணா எனக்குத்தான் முதல் சொன்னவர், கூட்டிக்கொண்டு போறன் எண்டு. உங்களைக் கட்ட முதலே சொன்னவர்."

அப்போது எந்தக் கார், எந்தப் பாலைவனம் என்று கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார், பிறகு ஆளுக்கு எங்கே போவது.

காருக்குள் ஏறி இருந்து பார்த்தார். என் இருக்கையில் முதுகுக்கு வைத்திருந்த இரண்டு தலையணைகளைக் கண்டதும் மூக்கு நீண்டது.

"இதென்ன மச்சாள்?"

"சீற் முன்னுக்கு வராது. துருப்பிடிச்சுப் போச்சு."

இருக்கைக்குக் கீழே கையை விட்டு ஏதோ ஒன்றை இழுத்தார். சீற் சத்தமில்லாமல் சறுக்கி முன்னுக்கு வந்தது. அது என் மனுசன் பின்னுக்கு விட்டுப் போனபடியே இருந்த சீற், இவர் என்னைவிட ஒரு முழம் உயரம். மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக நாற்பது வருடத்தில் ஒரு குறையும் சொல்லாமல், "முன்னுக்கு விடவோ, பின்னுக்கு விடவோ?" என்று கேட்டார்.

"பின்னுக்கே விடும்" என்றேன்.

போகும்போது, "கராஜுக்குள்ள ரெண்டு கதிரை மடிச்சுக் கிடக்குது, கண்டனீங்களோ?" என்றும் கேட்டார். காணவில்லை.

மே 25, ஞாயிறு

கோயிலில் ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். பட்டுச்சேலை, நல்ல மனம், அதைவிட நல்ல குரல்.

"ஆட்டை திரும்ப முதல் இப்பிடி ஊர் சுத்துறது வடிவில்லை பாருங்கோ. சனம் கதைக்கும்."

"சனம் இப்பவே கதைக்குதுதானே. நான் போனால் இன்னும் கொஞ்சம் வசதியாக் கதைக்கும்" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. சாமியைக் கும்பிட மறந்து வந்துவிட்டேன். வாசலில் செருப்பைப் போட்ட பிறகு ஞாபகம் வந்து திரும்பிப் போய்க் கும்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பரீட்சார்த்த ஓட்டம். மச்சாளும் நானும் வடக்கே போய்த் திரும்பினோம். போகும்போது எஞ்சின் கொதித்தது. நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் துணியால் திறந்து தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு திறக்காமல் ஒட்டிக் கிடந்தது. கொதிதண்ணீர்ச் சட்டியில் போட்டுச் சோதித்தேன். மாற்றியாயிற்று. பின்கதவு இடுக்கெல்லாம் றப்பர் பட்டி ஒட்டினேன், செம்புழுதி உள்ளே வராமலிருக்க. முன்விளக்குகளுக்குக் கம்பி வலை. கூரையில் இரண்டாவது உதிரி ரயர்.

சீற்றை முன்னுக்கு இழுத்துவிட்டேன். நீண்ட தூரம் ஓடும்போது கால் எட்ட வேண்டும். வேறு காரணம் இல்லை.

ஜூன் 14, சனி

எல்லோரும் தங்கள் காரை அலங்கரித்து வருவார்களாம். ஒருவர் முதலைத் தலை வைத்திருக்கிறார், ஒருவர் கூரையில் குளியல் தொட்டி கட்டியிருக்கிறார். மச்சாள் குனிந்து நின்று எஞ்சினுக்கு மேலுள்ள பொனற் முழுவதும் வெள்ளைப் பெயின்ரில் கோலம் போட்டார். இருபத்தொரு புள்ளி. மனுசிக்கு இந்தக் கை எங்கே இருந்தது இவ்வளவு காலமும்?

ஜூன் 15, ஞாயிறு

மச்சாள் கோலத்துக்கு மிச்சப் பெயின்ரைப் பூசிக்கொண்டிருக்கும்போது நிரூபன் வந்தான். மருமகள் ஷாமினியும் வந்தாள். கோலத்தைப் பார்த்து ஷாமினி "வடிவா இருக்கு மாமி" என்றாள். இவன் பார்க்கவில்லை. கராஜுக்குள் வரவும் இல்லை, வாசலில் நின்றபடியே பேசினான்.

"ஐயரோட கதைச்சனான். அப்பாவின்ர திவசம் இருபதாம் தேதி."

"முப்பதாம் தேதி."

"அது இங்கிலீஷ் தேதி அம்மா. அப்பா செத்தது தேய்பிறையில, அபரபக்கத் தசமி. இந்த வருஷம் ஆடி மாச அபரபக்கத் தசமி ஜூலை இருபது, ஞாயிற்றுக்கிழமை."

நான் மச்சாளைப் பார்த்தேன். ஊரில் உள்ள எல்லோருடைய விரதத்தையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பவர், சொந்த அண்ணனின் திதியைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் போலவே முப்பதாம் தேதியைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் மறக்க முடியாமல் வைத்திருந்தது அந்தத் தேதியை. திதியை இல்லை.

மச்சாள் பெயின்ர் தூரிகையை அப்படியே தகரத்துக்குள் வைத்தார்.

"இருபதாம் தேதி நாங்கள் நடுப் பாலைவனத்தில நிப்பம்" என்றேன்.

"நிக்க மாட்டியள். வீட்டில நிப்பியள்" என்றான் நிரூபன்.

ஜூன் 16, திங்கள்

திதி.

ஜூன் 18, புதன்

மச்சாள் வரமாட்டாராம். போனில் சொன்னார். "அண்ணான்ர முதல் திவசம், மச்சாள். நான் எப்பிடி?" அழுதார். நான் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம். போனை வைத்துவிட்டுக் காரின் எண்ணெயை மாற்றினேன். ஆத்திரத்தில் மாற்றினாலும் எண்ணெய் எண்ணெய்தான், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கார் ஸ்ராட் வரவில்லை. பற்றரி நன்றாக இருக்கிறது, பெற்றோல் வருகிறது, எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. பிளக்குக்கு நெருப்புப் போகவில்லை என்று விளங்கியது. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மூடியைத் திறந்தேன். உள்ளே சுற்ற வேண்டிய ரோற்றர் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். இவர் வெளியூர் போனால் கள்ளருக்குப் பயந்து அதைத்தான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும்.

எலி கொண்டுபோயிருக்க வேண்டும். கெட்டிக்கார எலி. மூடியைத் திரும்பப் பூட்டி, இரண்டு கிளிப்பையும் ஒழுங்காக மாட்டிவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று நான் கடைக்குப் போயிருந்த நேரம் நிரூபன் வந்து காஸ் சிலிண்டரை எடுத்துப் போனானாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்

பழைய கார் உடைக்கும் இடத்தில் ரோற்றர் கிடைத்தது. மாட்டினேன். ஒரே தரத்தில் ஸ்ராட் வந்தது. நிரூபனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நான் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நிரூபன் வந்தான். கேற்றிலேயே நின்றுவிட்டான்.

"எப்பிடி ஸ்ராட் வந்தது?"

"ஏன், வராதெண்டு நினைச்சனியோ?"

கேற்றைச் சாத்திவிட்டுக் கராஜ் வாசல் வரை வந்தான்.

"எலி ஒண்டு சாமானைக் கொண்டு போட்டுது. நான் வேறை வாங்கிப் போட்டன்" என்றேன். "இன்னொருக்கா வந்தால் அதுக்குச் சொல்லு, மூண்டு ரோற்றர் மேலதிகமா வாங்கி வைச்சிருக்கிறன் எண்டு."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கராஜ் வாசலில் கையை ஊன்றிக்கொண்டு, முப்பத்தாறு வயது ஆம்பிளை, அழத் தொடங்கினான்.

"இதுக்குள்ள நான் என்ன கண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும் அம்மா. ரேடியோ பாடிக்கொண்டு கிடந்தது. அப்பா அதில கிடந்தார். கையில துணி. இந்தக் கார்தான் அவரைச் சாகடிச்சது. இப்ப நீங்களும் அதில ஏறி, போன் வேலை செய்யாத இடத்துக்குப் போறன் எண்டுறியள்."

எஞ்சினை நிறுத்தினேன். அன்று நான் மரக்கறிக் கடையில் இருந்தேன். இதைப் பற்றி நான் இந்த நாட்குறிப்பில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், இப்போதும் எழுதப் போவதில்லை.

"கார் ஒருத்தரையும் கொல்லேல்லை, அப்பன். அப்பான்ர நெஞ்சு நிண்டது. அது எங்கையும் நிண்டிருக்கும். தனக்கு விருப்பமான இடத்தில நிண்டுது."

"திவசத்துக்காவது நில்லுங்கோ. பிறகு எங்கையெண்டாலும் போங்கோ."

"பிறகு, பிறகு எண்டு பத்து வருஷம் கேட்டாச்சு. திவசத்தில எனக்கு என்ன வேலை? சொல்லு பாப்பம். பிண்டம் வைக்கிறது நீ. மந்திரம் ஐயர். நான் விடிய எழும்பிச் சமைச்சுப்போட்டு, ஒரு மூலையில நிக்க வேணும். நாற்பது வருஷம் அந்த மனுசனோட இருந்தனான், எனக்கு மூலை. சமையலை ஆரும் செய்யலாம். மூலையில ஆரும் நிக்கலாம். இந்தக் காரை நான்தான் ஓடோணும்."

இவ்வளவு நீளமாக நான் அவனோடு கதைத்ததில்லை. அவன் அழுதபடியே போய்விட்டான். பிடிவாதம் பிடிப்பது எனக்கு லேசான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெற்ற பிள்ளை அழுதுகொண்டு போகும்போது பிடிவாதம் பிடிப்பது லேசில்லை. ஆனாலும் விடமாட்டேன்.

ஜூலை 5, சனி

ஏற்பாட்டாளர்கள் காரைப் பரிசோதித்தார்கள். பிரேக், விளக்கு, தண்ணீர்க் கான், முதலுதவிப் பெட்டி, எல்லாம் சரி. கூட வருபவர் யார் என்று கேட்டார்கள். வருகிறார் என்று சொன்னேன். பொய்.

நிரூபன் இந்தக் கிழமை போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

விடியற்காலை வாசலில் மணி அடித்தது. தவமலர் மச்சாள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் பயணப்பை, தோளில் ஒரு மூட்டை அரிசிமா.

"பிட்டு இல்லாமல் என்னால பதின்மூண்டு நாள் இருக்கேலாது" என்றார்.

"திவசம்?"

"அண்ணா என்னைத்தான் முதல் ஏமாத்தினவர். திவசத்தண்டு நான் பாலைவனத்தில விரதம் இருக்கிறன். அங்கை வந்து ஆரும் என்னைத் தடுக்கேலாதுதானே?"

அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்கப் போன நான் அடுப்பையே பற்ற வைக்காமல் நின்றேன். அவ்வளவு சந்தோசம்.

ஜூலை 12, சனி

புறப்பட்டாயிற்று. வரிசையில் எங்கள் முன்னால் குளியல் தொட்டி, பின்னால் முதலை. நால்வர் வந்து கோலத்தைப் படம் எடுத்தார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டு வெளிக்கிட்டோம். மச்சாள் மிச்சம் பழங்களையும் பச்சைமிளகாயையும் கோத்து முன்னுக்குக் கட்டினார். நிரூபன் வரவில்லை. ஷாமினி அவ்வளவு தூரம் கார் ஓடி வந்து சாப்பாட்டுப் பொதி தந்தாள்.

ஜூலை 14, திங்கள்

மாநில எல்லையில் எங்களை மறித்தார்கள். பழ ஈ பரவாமல் இருக்க, பழமோ மரக்கறியோ எல்லை தாண்டக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம், பலகை பலகையாக எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த தோடம்பழத்தைக்கூட வரும் வழியிலேயே தின்று முடித்திருந்தோம். காரின் முன்னால் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சை மாலை எங்கள் இருவருக்கும் பழமாகவே தோன்றவில்லை. அந்தப் பெண் அதிகாரி அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் விளங்கியது.

"அது சாப்பாடில்லை, பிள்ளை. கண்ணூறுக்கு" என்று மச்சாள் தமிழிலேயே அவளுக்கு விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குப்பைத் தொட்டியைக் காட்டினாள். மச்சாள் பழத்தைப் போடமுதல் தொட்டியையும் ஒருதரம் கும்பிட்டார்.

"இனி ஆர் எங்களைக் காப்பாத்துறது?" என்று காருக்குள் கேட்டார்.

"நான்" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ரயர் வெடித்தது. மாற்றினேன். வாயெல்லாம் புழுதி.

ஜூலை 19, சனி

செம்மண். வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவு தூரத்துக்கும் செம்மண். இவர் கண்டிருந்தால் வாய் மூடியிருக்க மாட்டார். எனக்குப் பெரிய கோபம் ஒன்று வந்தது, ஏன் அந்த மனுசன் ஒரு வருடமாவது "இந்த வருஷம்" என்று சொல்லவில்லை என்று.

ஜூலை 20, ஞாயிறு

இரவு தங்கியது பாதையோரப் பெற்றோல் நிலையம் ஒன்றில். போன் வேலை செய்யும் கடைசி இடம் என்று சொன்னார்கள். மற்றக் கார்கள் வெளிக்கிட்டன. நாங்கள் வெளிக்கிடவில்லை. ரயருக்குக் காற்றுப் பார்க்கிறேன் என்று சொல்லி நான்கு ரயரையும் இரண்டு தரம் பார்த்தேன். மச்சாள் தலை முழுகி, தண்ணீர்கூடக் குடிக்காமல் முன் இருக்கையில் இருந்தார்.

ஷாமினி வீடியோவில் போன் எடுத்தாள். படத்தில் வீட்டு மண்டபம். இவரின் படம், குத்துவிளக்கு, வாழையிலை. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். நிரூபன் வேட்டியோடு குனிந்தான்.

"அம்மா, கேக்குதோ?"

"கேக்குது. சமையல் ஆர்?"

"நான்தான். பயித்தங்காய்க் கறி அடிப்பிடிச்சுப் போச்சு."

"பரவாயில்லை. அப்பா அடிப்பிடிச்சதைத்தான் சுரண்டித் தின்னுவார்."

தலையை ஆட்டினான். முகம் சிவந்திருந்தது. அடுப்பு வெக்கையாகவும் இருக்கலாம்.

ஐயர் வந்து உட்கார்ந்தார். சனம் வந்து நிறைவது சத்தத்தில் தெரிந்தது. "அம்மாவையும் கூப்பிடுங்கோ" என்றார் ஐயர். அங்கே ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒரு பெண்ணின் குரல், கோயிலில் கேட்ட அந்த நல்ல குரல், தெளிவாகவே கேட்டது.

"அவ எங்கை இருக்கிறா? புருஷன்ர திவசத்தண்டு ஊர் சுத்தப் போட்டா."

போனுக்குள் வாய் வைத்து ஏதோ சொல்லப் போனேன், மச்சாள் என் கையைப் பிடித்தார். அதற்குள் நிரூபன் எழுந்து நின்றான். படத்தில் அவனுடைய வேட்டி மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா ஊர் சுத்தப் போகேல்லை" என்றான். "அப்பா பத்து வருஷமாக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறா. அப்பான்ர காரில. தானே திருத்தி, தானே ஓடிக்கொண்டு போறா. என்ர அம்மாவைப் பற்றி இந்த வீட்டுக்குள்ள ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது. ஐயா, நீங்கள் தொடங்குங்கோ."

பிறகு ஐயர் தொடங்கினார்.

முடியும்வரை கேட்டோம். மச்சாள் கைகூப்பியபடி இருந்தார். முடிந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, எல்லோரும் போய்விட்டார்கள், உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எஞ்சினை ஸ்ராட் செய்தேன்.

பாதை நேராகக் கிடந்தது. கொஞ்சத் தூரம் போக எனக்குக் கண் நிறைந்து வழியத் தொடங்கியது. ஒரு வருடமாக வராத அழுகை. சத்தமாகவே அழுதேன்.

"மச்சாள், அழுறதெண்டால் நிப்பாட்டிப் போட்டு அழுங்கோ" என்றார் தவமலர் மச்சாள். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"நிப்பாட்ட மாட்டன். ரெண்டையும் ஒண்டாச் செய்வன்" என்று சொல்லிக் கியரை மாற்றினேன்.

இன்றைய தங்குமிடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் கூடாரம் அடித்து முடித்திருந்தார்கள். மச்சாள் இறங்கி, விரதம் முடிக்க நேரே பிட்டு அவிக்கப் போனார்.